முப்பது வருஷமாக நிற்கும் தடுப்புச் சுவர்: அதற்கு மேலே வீடு கட்டலாமா?

கேள்வி, 14.06.2024
கோத்தகிரிப் பக்கம் 6 சென்ட் இடம். ரோட்டிலிருந்து கீழே இறங்கும் சரிவு. கீழ் எல்லையில் 60 அடி நீளத்துக்குப் பழைய கருங்கல் தடுப்புச் சுவர், வெளியே தெரியும் உயரம் பதினோரரை அடி. முகம் கிட்டத்தட்ட நேராக நிற்கிறது, கல் இடுக்கெல்லாம் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். சுவரின் முதுகிலிருந்து 6 அடி விட்டு, 4 அடி ஆழத்தில் அஸ்திவாரம் போட்டு வீடு கட்டத் திட்டம். "முப்பது வருஷமா நிக்குது, ஒண்ணும் ஆகாது" என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா அண்ணா?

14.06.2024, இரவு
முப்பது வருஷமும் அது தாங்கியது புல்லையும் தேயிலைச் செடியையும்தான். வீட்டை அது இன்னும் பார்க்கவே இல்லை. சுவரின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. முதுகில் என்ன இருக்கிறது, அடி எவ்வளவு அகலம், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, இந்த மூன்றும் தெரிய வேண்டும். சிமென்ட் பூச்சு என்றீர்களே, எனக்கு முதல் கவலையே அதில்தான். நாளை விரிவாக எழுதுகிறேன்.

15.06.2024
முதல் வேலை தூக்குக்குண்டு. சுவர் உச்சியில் ஒரு ரீப்பர் கட்டையை ஒன்றரை அடி வெளியே நீட்டி, மேலே கனமான கல் வைத்து அழுத்தி, நுனியிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். காற்றில் குண்டு ஆடினால் அடியில் ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கட்டும், நின்றுவிடும். தரையிலிருந்து ஒவ்வொரு அடி உயரத்திலும் நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் எழுதுங்கள். 60 அடி நீளத்துக்கு 10 அடிக்கு ஒரு நூல், மொத்தம் ஏழு. நூல் விட்ட இடங்களைப் பெயின்டால் குறித்து வையுங்கள், மறுபடி அதே இடத்தில் அளக்க வேண்டிவரும்.

கருங்கல் சுவரை ஆரம்பத்திலேயே உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துத்தான் எழுப்புவார்கள், அடிக்கு ஓர் அங்குலம் போல. ஆகவே மேலே போகப்போக இடைவெளி கூடாமல் குறைந்தால் சுவர் வெளியே சாய்கிறது என்று அர்த்தம். நடுவில் மட்டும் குறைந்து மேலே மறுபடி கூடினால் வயிறு தள்ளியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய். உச்சி சாய்ந்தால் அடிப்பாகம் குறுகல், அல்லது முன்விளிம்பில் மண் அமுங்குகிறது. வயிறு தள்ளினால் முகக்கல்லுக்கும் உள்கட்டுக்கும் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் உள்ளே தண்ணீர் தேங்குவதால்.

ஊடுகல் என்று ஒன்று உண்டு: முகத்திலிருந்து உள்ளே நீண்டு சுவரைக் கோத்துப் பிடிக்கும் நீளக்கல். முகப்பரப்பில் அரை சதுர மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். மலையில் பல பழைய சுவர்களில் முன்னால் அழகான கல், பின்னால் சில்லும் மண்ணும்தான். ஒரு கிலோ சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்கும் கல் பிடிப்போடு இருக்கிறது, பொதபொதவென்று ஒலித்தால் பின்னால் வெற்றிடம்.

15.06.2024, இரவு
கசிவுத் துளைகளை, அதாவது சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீரை வெளியே விடும் குழாய்களைப் பற்றி எழுத மறந்தேன், முக்கியமே அதுதான். எத்தனை குழாய் இருக்கிறது, எண்ணுங்கள். 75 முதல் 100 மி.மீ. விட்டம், குறுக்கும் நெடுக்கும் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும். உங்கள் சுவருக்கு இரண்டு வரிசையாவது, ஆக 24 துளை வேண்டும். ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. கம்பியை மெல்ல நுழையுங்கள். கல்லில் முட்டினால் அடைப்பு, அல்லது கட்டும்போதே பேருக்கு வைத்த அரை அடிக் குழாய். ஜல்லியில் நறநறவென்று இறங்கினால் வடிகட்டி இருக்கிறது. ஈரக்களி ஒட்டிக்கொண்டு வந்தால், ஜல்லி போடாமல் தோண்டிய மண்ணையே சுவருக்குப் பின்னால் தள்ளி மூடியிருக்கிறார்கள்.

இன்னொரு அடையாளம்: துளைகள் காய்ந்து கிடக்க, கல் இடுக்குகளில் பாசியும் பெரணியும் செழித்து வளர்ந்தால், தண்ணீர் துளையை விட்டுவிட்டு இடுக்கு வழியாக வருகிறது. சிமென்ட் வைக்காமல் அடுக்கிய கல் சுவரில் ஒவ்வோர் இடுக்கும் ஒரு கசிவுத் துளைதான். பிற்பாடு யாரோ 'பலமாக்க' என்று நினைத்து இடுக்குகளைப் பூசினால், ஓட்டைப் பானையை அடைத்துத் தண்ணீர் நிரப்பிய கதை. அதனால்தான் நேற்று அந்தப் பூச்சைச் சொன்னேன்.

17.06.2024
கேட்டவர் அளந்து அனுப்பியிருக்கிறார். நடுவில் 10 அடி நீளத்துக்கு, தரையிலிருந்து 4 முதல் 5 அடி உயரத்தில் 50 மி.மீ. வயிறு. மொத்தமே 5 குழாய், மூன்றில் கம்பி ஓரடிக்குள் முட்டுகிறது, இரண்டில் களி.

அடுத்தது அகலம். உச்சியில் அளப்பது சுலபம், அடிப்பாகம்தான் தெரிய வேண்டும். சுவரின் முன்னால், வயிறு தள்ளாத ஒரு முனையில், மூன்றடிக்கு மேல் அகலம் போகாமல் ஒரே ஒரு குழி தோண்டி, சுவர் தரைக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பார்த்ததும் அன்றைக்கே மூடி, தட்டிக் கெட்டியாக்கிவிட வேண்டும். அடியை நீளவாக்கில் திறந்தால் சுவர் வழுக்கி முன்னால் வரும். பின்னால் இன்னொரு குழி, முதுகு எப்படிப் படிப்படியாக அகலமாகிறது என்று பார்க்க. நாலடிக்குக் கீழே முட்டுப் பலகை இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். அதற்கும் கீழே மூன்று நான்கு இடத்தில் சாய்வாகக் கம்பி அடித்துக் கல் எங்கே தட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

குழி தோண்டுவதைச் சின்ன வேலையாக நினைக்கக் கூடாது. 2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி பக்கத்தில் லவ்டேலில் கட்டுமான வேலை நடந்த இடத்தில், மேலே இருந்த பழைய கழிப்பிடக் கட்டடம் மண்ணோடு சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். மழைக்காலம்கூட இல்லை அது. மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கீழே மண்வெட்டி போடக் கூடாது.

18.06.2024
அடி அகலம் எவ்வளவு வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கைக்கணக்கு: உயரத்தில் பத்தில் நாலு பங்கு.

18.06.2024, அரை மணி கழித்து
மேலே சொன்னதைத் திருத்துகிறேன். அந்தப் பத்தில் நாலு, பின்னால் மண் சமதளமாக, உலர்ந்து, பாரமில்லாமல் இருந்தால் மட்டும். வீடோ சரிவோ இருக்கும் இடத்தில் பாதி முதல் பத்தில் ஆறு வரை. மலையில் வீடு கட்டுகிறவர்கள் முந்தைய எண்ணை மறந்துவிடுங்கள்.

22.06.2024
கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், யாரும் சரிபார்க்கலாம். உயரம் 3.5 மீட்டர். மண் கன மீட்டருக்கு 1.8 டன், உராய்வுக் கோணம் (மண் துகள்கள் ஒன்றையொன்று உரசிப் பிடிக்கும் அளவு) 30 பாகை, அப்படியானால் பக்கவாட்டு அழுத்தம் மேலிருந்து வரும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுவரின் ஒரு மீட்டர் நீளத்தைத் தள்ளும் விசை சுமார் 3.7 டன், அது அடியிலிருந்து 1.17 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது.

வீடு வந்தால்: ஒரு தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 1 டன் என்றே வைப்போம். கூடுதல் தள்ளல் 1.2 டன். மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் அது தள்ளுவது பாதி உயரத்தில், 1.75 மீட்டரில். அதனால் சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை (தள்ளும் விசையை அது தள்ளும் உயரத்தால் பெருக்கியது) ஏறக்குறைய பாதியளவு கூடிவிடுகிறது.

பின்னால் உச்சி வரை தண்ணீர் நின்றால்: தண்ணீர் மட்டும் 6 டன். மூழ்கிய மண் எடை குறைந்து 2 டன் தள்ளும். கூட்டினால் 8. ஒரு செங்கல்கூட ஏற்றாமல், மழை மட்டுமே தள்ளலை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்குகிறது.

இப்போது ஒரு நல்ல சுவரை எடுங்கள்: உச்சி 60 செ.மீ., அடி 1.75 மீட்டர், முகம் நேர், முதுகு படிப்படியாக. காப்பு என்பது சுவரின் எதிர்ப்பைத் தள்ளலால் வகுத்த எண், 1-க்குக் கீழே போனால் சுவர் நிற்காது. கவிழ்தலுக்கு எதிரான காப்பு 2 இருக்க வேண்டும், சறுக்கலுக்கு 1.5. இந்தச் சுவர் உலர்ந்த நாளில் கவிழ்தலுக்கு 2.5, வீட்டோடு 1.7, தண்ணீரோடு 1.2. நல்ல சுவருக்கே இந்த நிலை.

23.06.2024
நேற்றைய கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று, சுட்டிக்காட்டிய பொறியாளருக்கு நன்றி. பின்னால் தண்ணீர் நின்றால் அது சுவரின் அடியிலும் புகுந்து மேலே தூக்கும். அதையும் சேர்த்தால் 1.2 அல்ல, 0.9. சறுக்கலுக்கு 0.7 கூட இல்லை. அதாவது சுவர் விழும்.

23.06.2024, மாலை
"நான் மேலே இல்லை சார், சுவருக்குக் கீழே கட்டப்போகிறேன், சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது" என்று ஒருவர் கேட்கிறார்.

உங்கள் நிலைமை இன்னும் கடினம். உங்களுக்குச் சுவரின் முகம் மட்டும்தான் தெரியும், முதுகு அவர் இடத்தில். 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் கீழே இருந்த வீடுகள்மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். சுவர் விழுந்தால் கல் அதன் உயரத்தளவு தூரமாவது பரவும். ஆகவே சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிக் கட்டுங்கள். அது முடியாத சின்ன மனை என்றால் படுக்கையறையை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். அஸ்திவாரம் தோண்டும்போது சுவர் அடிமண்ணை எடுக்காதீர்கள், அந்த மண்தான் சுவரை முன்னால் வழுக்காமல் பிடித்திருக்கிறது. மேலே இருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: குளியலறைத் தண்ணீரும் செப்டிக் டேங்க் உறிகுழியும் எங்கே இருக்கின்றன? சுவருக்குப் பின்னால் 10 அடிக்குள் உறிகுழி என்றால், வருஷம் முழுக்க மழை பெய்வதற்குச் சமம்.

24.06.2024
சுவர் இடுக்கில் முளைத்த சில்வர் ஓக் மரத்தை வெட்டலாமா என்று கேட்டவருக்கு: கட்டைவிரல் பருமன் என்றால் இப்போதே வெட்டுங்கள். தொடைப் பருமன் என்றால் வேர் சுவருக்குள்ளேயே பருத்திருக்கும். தரை மட்டத்தில் வெட்டி வேரை விட்டுவிடுங்கள், பிடுங்கினால் கல்லோடு வரும். வேர் மக்கிய பிறகு அந்த வழியில் தண்ணீர் புகும், ஆகவே வெட்டிய இடத்தை இரண்டு மூன்று வருஷம் கவனிக்க வேண்டும்.

29.06.2024
குழி தோண்டிய அளவு வந்துவிட்டது. உச்சி 45 செ.மீ., அடி 1.1 மீட்டர், தரைக்குக் கீழே இறங்கியிருப்பது அரை மீட்டர் மட்டும். முதுகில் ஜல்லி கிடையாது, செம்மண்ணும் உடைந்த ஓடும்.

அதே கணக்கில் இந்தச் சுவரைப் போட்டேன். உலர்ந்த மண், வீடு இல்லை, தண்ணீர் இல்லை: கவிழ்தலுக்கு 1.0. சறுக்கலுக்கு 1.1.

அப்படியானால் முப்பது வருஷம் எப்படி நின்றது? அந்த மண்ணுக்கு உலர்ந்தபோது ஒட்டுப்பிடிப்பு உண்டு. கடப்பாரையால் செங்குத்தாக வெட்டிவிட்டால் ஆறடிக்கு அப்படியே நிற்குமே, அந்தப் பிடிப்பு. இந்தச் சுவர் மண்ணைத் தாங்கவில்லை. மண் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கிறது, சுவர் அதற்கு ஒரு சட்டை. மண் நனைந்து ஊறினால் அந்தப் பிடிப்பு கரைந்துபோகும், அன்றைக்கு முழுப் பாரமும் சுவர்மேல் வரும். மேஸ்திரி சொல்வது பொய் இல்லை. ஆனால் அவர் சொல்வது மண்ணின் பலம், சுவரின் பலம் இல்லை.

மண் பரிசோதனைக்கு இரண்டு துளை போடுங்கள், சுவருக்குப் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. ஆய்வகத்தில் உராய்வுக் கோணமும் ஒட்டுப்பிடிப்பும் நீரில் ஊறிய மாதிரியில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உலர்ந்த மாதிரியின் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாச் சுவரும் பாஸ்.

30.06.2024
சுவரை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம், சரிவையும் பாருங்கள். மனையின் மேல்பகுதியில், சுவருக்கு இணையாக, பிறை வடிவில் தரையில் வெடிப்பு இருக்கிறதா? மரங்களின் அடி வளைந்து மேலே நிமிர்ந்திருக்கிறதா? மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா? ரோட்டின் தார் அந்த இடத்தில் மட்டும் அமுங்குகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலும் சுவரைச் சரிசெய்து பயனில்லை, சுவரோடு சேர்ந்து மலைச்சரிவே நகர்கிறது. அப்போது நிலவியலாளர்தான் வர வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியபோது நீலகிரியில் நாற்பதுக்கு மேற்பட்டோர் நிலச்சரிவில் இறந்தார்கள். நல்ல சுவர்களும் சரிவோடு போயின.

07.07.2024
வெடிப்பு எதுவும் இல்லை என்கிறார். நல்லது. அப்படியானால் ஐப்பசி, கார்த்திகை தாண்டும்வரை கட்டாதீர்கள். கூடலூர்ப் பக்கம் என்றால் இந்தத் தென்மேற்குப் பருவமே பரீட்சை. கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவம்தான். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வயிறு தள்ளிய இடத்தின் இரு ஓரத்திலும் பூச்சில் விரிசல் இருக்கும். விரிசலுக்குக் குறுக்கே 3 மி.மீ. கண்ணாடிப் பட்டையை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பக்கத்திலேயே இரண்டு பக்கமும் ஓர் ஆணி அறைந்து, இடைவெளியை வெர்னியரால் (மில்லிமீட்டரின் பின்னத்தையும் காட்டும் அளவுகோல்) வாரம் ஒருமுறை அளங்கள். அன்றைய மழையையும் குறியுங்கள். எவ்வளவு மழை என்று தெரியாவிட்டால் இந்த அளவுகளுக்கு மதிப்பில்லை.

குழாயில் வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்தால் சரி. அடியில் மண் படிந்தால் சுவருக்குப் பின்னால் மண் அரித்துக்கொண்டு வெளியேறுகிறது, உள்ளே குகை உண்டாகிறது.

11.11.2024
நான்கு மாத அளவு வந்திருக்கிறது. ஒரு கண்ணாடி அக்டோபர் கடைசி வாரம் உடைந்தது. ஆணி இடைவெளி 2.5 மி.மீ. கூடியிருக்கிறது, அதில் 2 மி.மீ. தொடர்மழை பெய்த நாலு நாளில். மழை நின்றதும் நகர்வும் நின்றது. டம்ளரில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல்.

நகர்வு மழையோடு வந்து மழையோடு நிற்பதால் காரணம் தண்ணீர்தான் என்று நிச்சயமாகச் சொல்லலாம். மழை இல்லாமலும் நகர்ந்திருந்தால் மருந்து வேறு.

12.11.2024
என்ன செய்யலாம்? முன்னால் முட்டுச்சுவர் கட்டலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். கீழே இருப்பது பொதுப்பாதை, அங்கே ஓர் அடிகூட எடுக்க முடியாது. எனவே என் யோசனை: சுவரின் தலையை ஒரு மீட்டர் இறக்குங்கள். தள்ளுவிசை உயரத்தின் இருமடிப்படி (உயரம் × உயரம்) குறையும், கவிழ்க்கும் திருப்பு மும்மடிப்படி (உயரம் × உயரம் × உயரம்). மூன்றரை மீட்டரை இரண்டரை ஆக்கினால் கவிழ்க்கும் திருப்பு மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகிவிடும். மேலே உள்ள மெல்லிய கல்வரிசை போய் அகலமான அடிப்பகுதி மட்டும் மிஞ்சும். கணக்கு: கவிழ்தலுக்கு 2.0, சறுக்கலுக்கு 1.6. வெட்டிய மண்ணைக் கொண்டுபோய்விடுங்கள், அங்கேயே குவித்தால் செய்ததெல்லாம் வீண். சுவருக்குப் பின்னால் 2 மீட்டர் சமதளம் விட்டு, அதற்கு மேல் மெல்லிய சரிவாகப் புல் நடுங்கள்.

வயிறு தள்ளிய 10 அடியை மட்டும் பிரித்துக் கட்ட வேண்டும். ஒரேயடியாக அல்ல, 2 மீட்டர் துண்டு துண்டாக, ஒன்று முடிந்து இறுகிய பிறகு அடுத்தது. தை முதல் மாசிக்குள். புதிதாகக் கட்டும் இடத்தில் முதுகில் ஓரடிக்கு 40 மி.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ துணி (மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் துணி). மற்ற இடங்களில் 75 மி.மீ. துளை போட கோர் டிரில் (சுற்றி அறுத்துத் துளைக்கும் இயந்திரம்) மட்டும், இடித்து உடைக்கும் பிரேக்கர் வேண்டாம், அதிர்ச்சியில் முகக்கல் கழன்றுவிடும். துளையில் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயைத் துணி சுற்றிச் செருகுங்கள்.

மேலே, சமதளத்தின் உள்விளிம்பில் ஓரடிக்கு ஓரடி சிமென்ட் வாய்க்கால். கூரைத் தண்ணீர் முழுவதும் குழாயில் அதில் சேர்ந்து பாதை ஓடைக்குப் போக வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். இன்று அந்தத் தண்ணீர் மனை முழுக்கப் பரவி விழுகிறது, வீடு வந்தபின் நாலு மூலையில் கொட்டும். சம்ப், உறிகுழி, கார் நிறுத்தம் மூன்றும் ரோட்டுப் பக்கம்.

13.11.2024
வீட்டை எங்கே வைப்பது? சுவரின் அடி முதுகிலிருந்து 45 பாகையில் மேலே ஒரு கோடு இழுங்கள், அஸ்திவாரம் அந்தக் கோட்டுக்குக் கீழே உட்கார வேண்டும். தரைக்குக் கீழே அரை மீட்டரையும் சேர்த்துச் சுவர் 4 மீட்டர், அஸ்திவாரம் ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் இரண்டரை மீட்டர் தள்ள வேண்டும்.

14.11.2024
இரவெல்லாம் இதையே யோசித்தேன். நேற்றைய கோடு சுவர் நிற்கும் என்று நம்பிப் போட்டது. இந்தச் சுவர் ஏற்கெனவே நகர்ந்தது. அது போனாலும் வீடு நிற்க வேண்டும். நனைந்து சரிந்த மண் 45 பாகையில் நிற்காது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள், இரண்டரை மூன்றே முக்கால் ஆகிறது. அதாவது முதுகிலிருந்து பன்னிரண்டரை அடி. தலையை இறக்கினாலும் இந்தத் தூரத்தைக் குறைக்காதீர்கள். மனையின் ஆழம் 43 அடி, ரோட்டுப் பக்கம் விட வேண்டியதை விட்டாலும் வீட்டுக்கு இடம் இருக்கிறது. வரைபடத்தை மாற்றுவது ஒரு வாரச் செலவு.

அனுமதிக்கு: உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், வேளாண் பொறியியல், வனம், புவியியல் சுரங்கம் ஆகிய துறைகளின் கருத்து கேட்பார்கள். சுவர் அளவுகளையும் இந்த நான்கு மாதப் பட்டியலையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

02.12.2024
வீட்டை 13 அடி தள்ளி வரைபடம் மாற்றிவிட்டார், கல் பிரிக்கும் வேலை தை பிறந்ததும். இரண்டு விஷயம் மட்டும். பிரித்த கற்களில் நீளக்கல் கிடைத்தால் எண் போட்டுத் தனியே வையுங்கள், ஊடுகல்லுக்கு அவையே போதும், வாங்க வேண்டாம். உடையாத இரண்டாவது கண்ணாடியை எடுத்துவிடாதீர்கள். அடுத்த கார்த்திகைவரை அது அங்கேயே இருக்கட்டும், ஆணி அளவும் தொடரட்டும்.